சம்பந்தி வீட்டுப் பையும் தராசுக்காரரும்

பேருந்து திரும்புகிற வளைவுக்கு எதிரே, மலையடிவாரத்தில், தகரக் கூரை போட்ட நீளமான அறை ஒன்று இருந்தது. மலையேற வருகிறவர்கள் முதலில் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். நுழைந்தவர்கள் தங்கள் பையைக் கூரை விட்டத்திலிருந்து தொங்கும் தராசின் கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு அவர்கள் விதி தராசுக்காரர் கையில்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. மொத்தக் காய்கறிச் சந்தையில் எடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட இந்தப் பெயர், சந்தை இடம் மாறியபோதும் அவரை விடாமல் மலையடிவாரம் வரை கூடவே வந்துவிட்டது. அவர் வேலை பார்த்த சுற்றுலா நிறுவனம் சிறியது; அதன் விதிகள் பெரியவை. ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மேலே கொண்டுபோன எதையும், மிட்டாய் சுற்றிய காகிதம் உட்பட, மேலே விட்டுவருவதில்லை. சுமை தூக்குகிறவர் முதுகில் இருபது கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. முதல் இரண்டு விதிகளை வழிகாட்டிகள் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது தராசுக்காரருடையது.

முள் இருபதைத் தாண்டினால் பை மேசைக்கு வரும். எல்லார் முன்னிலையிலும் அதைத் திறந்து, ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து, மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்கும் குரலில் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இது மேல போய் என்ன செய்யப் போகுது?" மின்சாரமே இல்லாத மலைக்கு முடி உலர்த்தும் கருவி கொண்டுவந்த அம்மாளும், உடற்பயிற்சி ஒருநாளும் விட்டுப்போகக் கூடாது என்று இரும்புக் குண்டுகள் கொண்டுவந்த இளைஞரும், ஓய்வாகப் படிக்கலாம் என்று தலையணை கனத்துக்கு அகராதி கொண்டுவந்த பேராசிரியரும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விழித்தவர்களே. விடையில்லாத பொருள் அலமாரியில் தங்கும்; இறங்கிவரும்போது திருப்பித் தரப்படும். மீதியோடு பையைக் கட்டுவதற்கு முன், அதைச் சுமக்கப் போகிறவர் ஒருமுறை தோளில் தூக்கிப் பார்த்து, "போகலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வராமல் தராசுக்காரர் வாரைக் கட்டியதில்லை.

இந்தப் பழக்கம் வேலையோடு நின்றிருந்தால் அவருடைய மனைவிக்குக் குறை இருந்திராது. மருத்துவமனையில் கிடந்த தம்பியைப் பார்க்க மனைவி கட்டிவைத்த பையிலிருந்து போர்வை, குடுவை, மாற்றுத் துணி என்று ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் ஒரு சீப்பை மட்டும் கொடுத்து அனுப்பிய கணவர் இவர். "இவர் கையில பையைக் குடுத்தா பை மட்டும்தான் திரும்பி வரும்" என்று அந்த அம்மாள் அண்டை அயலாரிடம் சொல்லி வைத்திருந்தார்.

இத்தனை ஆண்டுகளில் தராசுக்காரர் ஒருமுறைகூட மலை ஏறியதில்லை. அவருடைய வயிறு எப்போதும் அவருக்கு ஓரடி முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஏன் ஏறவில்லை என்று யாராவது கேட்டால், மலைக்கு ஏறுகிற பாரத்தைக் குறைப்பதற்குத்தான் தமக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றும், இந்த உடம்பையும் அதன்மேல் ஏற்றினால் அது செய்கிற வேலைக்கே துரோகம் என்றும் சொல்லிவிடுவார்.

அவருடைய ஒரே மகள் அதே நிறுவனத்தில் வழிகாட்டி. பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர் அவள் குழுவில் மலையேற வந்தார். பிறகு மறுபடி வந்தார். முதல் தடவை மலையைப் பார்க்க வந்தவர் மூன்றாம் தடவை மலைப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை என்று சுமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பெண்ணுக்கும் சம்மதம், பெண்ணைப் பெற்றவர்களுக்கும் சம்மதம். பொறியாளரின் பெற்றோர்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவருடைய தாயார் மருந்துக்கடை நடத்துபவர். தந்தை ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. பெண்ணைக் கூடத்தில் உட்காரவைத்துப் பார்ப்பதைவிட அவள் வேலை செய்யும்போது பார்ப்பது மேல் என்று தாயார் முடிவு செய்து, இருவரும் மற்ற ஆறு பேரோடு சேர்ந்து அவள் குழுவிலேயே பதிவு செய்துவிட்டார்கள். நடந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், சாப்பாட்டு மேசையில், தாயும் மகளும் தராசுக்காரரை இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள்.

"அப்பா, நாளைக்கு மட்டும் அவங்க பையைத் திறக்காதீங்க" என்றாள் மகள்.

"எடை கூடினா?"

"கூடாது."

"கூடினா?"

"அவங்க துணிமணி எல்லாத்தையும் எடுத்து எட்டுப் பேருக்கு முன்னாடி மேசையில பரப்புவீங்க. அதுக்கப்புறம் அவங்க என்னை மருமகளாவா பாப்பாங்க? சோதனை போட்டவர் பொண்ணாத்தான் பாப்பாங்க."

பெண்ணைப் பெற்றவர் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டால் குடி முழுகிப் போய்விடாது என்று மனைவியும் சேர்ந்துகொண்டார். மகளுடைய முகத்தில் அவர் அதுவரை காணாத ஒரு கெஞ்சல் இருந்தது. செங்குத்தான பாறையில் நிற்கும்போதும் யாரிடமும் கெஞ்சாத பெண். தராசுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர்களுடைய பையை எல்லார் முன்னிலையிலும் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் பேருந்து சற்றுத் தாமதித்தது. அதிலிருந்து முதலில் இறங்கியவர் நிலைய அதிகாரி. எத்தனை நிமிடத் தாமதம் என்பதை ஓட்டுநருக்கு அவர் எடுத்துரைத்துக்கொண்டே இறங்கினார். பின்னால் வந்த மருந்துக்கடை அம்மாள், கணவர் பேச்சு முடியட்டும் என்று காத்திராமல் நேரே தராசு அறைக்குள் நுழைந்து, நாடகம் பார்க்க வந்தவர்போல் முன் வரிசையில் இடம் பிடித்து நின்றார்.

மற்றவர்களின் பைகளை எடைபோட்டபோது அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. ஒருவருடைய பையிலிருந்து மடக்கு நாற்காலி வெளியே வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். தராசுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதெல்லாம் ஓரக்கண்ணால் தம் கணவரைப் பார்த்தார். தராசுக்காரர் இவற்றை எல்லாம் கவனித்தார். ஆனால் தம்மை வேவு பார்ப்பதாகவே எடுத்துக்கொண்டார்.

கடைசியாக அவர்களுடைய பை. தம்பதி இருவருக்கும் சேர்த்து ஒரே பை. கொக்கியில் மாட்டியதும் விட்டம் ஒருமுறை முனகியது. முள் இருபதைத் தாண்டி, முப்பதை நெருங்கி, அங்கே நின்று நடுங்கியது. தராசுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சரியா இருக்குங்க" என்றார்.

"திறக்கலையா?" என்று கேட்டார் அம்மாள்.

"உங்க பையைப் போய் எதுக்குங்க திறந்துக்கிட்டு."

அந்த அம்மாளின் முகம் சட்டென்று வாடியது. கணவரோடு தேநீர் குடிக்கப் போய்விட்டார். கண்டம் தாண்டியது என்று தராசுக்காரர் பெருமூச்சு விட்டார்.

ஆனால் பையைத் தூக்கிப் பார்க்க வேண்டியவர் இன்னும் பாக்கி இருந்தார். அந்தப் பை ஒட்டகத்தார் என்று எல்லாரும் அழைக்கும் மூத்த சுமைக்காரருடைய முறை. முகாம் சேரும் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவர் என்பதால் வந்த பெயர். அவர் பையைத் தோளில் ஏற்றினார், முழங்கால் மடிந்தது. இறக்கி வைத்துவிட்டுத் தராசுக்காரரின் காதருகே வந்தார்.

"அண்ணே, தண்டவாளத்தையே கழற்றிக்கிட்டு வந்துட்டாரா?"

தராசுக்காரர் தரையைப் பார்த்தார்.

"சரி, விடுங்க. நம்ம பொண்ணு கல்யாணம். இந்த ஒரு தடவை நான் தூக்கிக்கிறேன். வெளியில மூச்சு விட மாட்டேன். போகலாம்."

ஒட்டகத்தார் சண்டை போட்டிருந்தால் தராசுக்காரர் சமாளித்திருப்பார். சந்தையில் சண்டைக்குப் பழகிய காது அது. இந்தக் கனிவைத் தாங்க அதற்குத் தெரியவில்லை. "போகலாம்" என்ற அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்லவைத்தது தாம்தான் என்பது அவரை முள்ளாகக் குத்தியது. திறந்தால் மகளுக்குக் கொடுத்த வாக்குப் போகும். திறக்காவிட்டால் ஒட்டகத்தாரின் முதுகு போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவருடைய அறுபது வருட வாழ்க்கையில் தோன்றியவற்றுள் ஆகக் கெட்ட யோசனை அதுதான்.

எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பையைத் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் இழுத்துப் போய்த் திறந்தார். மேலேயே இருந்தது ஒரு மேசைக் கடிகாரம்: இரும்புக் கூடு போட்டது, சாவி கொடுத்து ஓட்டுவது, ரயில் நிலையத்தில் கழித்துவிட்டதை அதிகாரி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. அதன் கீழே ஓர் இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே, அதைச் செருகுவதற்காகவோ என்னவோ, நீளமான மின்கம்பிச் சுருள் ஒன்று. மூன்றையும் எடுத்துத் தம் கம்பளிச் சட்டையில் சுற்றித் தம்முடைய கித்தான் பைக்குள் திணித்தார். அலமாரியில் வைத்துவிட்டுப் போனால் மேலே தேடுவார்கள். தேடிக் கிடைக்காவிட்டால் கல்யாணம் அங்கேயே நிற்கும். ஆகவே பொருள்கள் மேலே போயாக வேண்டும், ஒட்டகத்தார் முதுகில் போகக் கூடாது. மீதி இருந்த முதுகு ஒன்றே ஒன்றுதான்.

புறப்படும் நேரத்தில், "நானும் வரேன்" என்றார்.

மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சம்பந்தியாகப் போகிறவர்களைத் தனியாக அனுப்புவது மரியாதை இல்லை என்று அவர் சொன்ன காரணத்தை அவள் நம்பவில்லை. ஆனாலும் அவர்கள் எதிரில் வாதாட விரும்பவில்லை. பேருந்து வளைவில் நின்று வழியனுப்பிய மனைவி, கணவர் தோளில் பையோடு மலைப் பக்கம் நடப்பதைக் கண்டு கையசைக்கவும் மறந்து நின்றுவிட்டார்.

முதல் ஏற்றம் முடிவதற்குள் தராசுக்காரருக்கு மலையைப் பற்றி அதுவரை தெரியாத பல செய்திகள் தெரிந்துவிட்டன. மேலே போகப் போக மலை உயரம் கூடுகிறது. கடிகாரத்தின் விளிம்பு மனித விலா எலும்பின் இடைவெளிக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுகிறது. இஸ்திரிப் பெட்டி எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் மூக்கை உள்ளே நீட்டுகிறது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவருக்குக் கனம் முதுகில் இருந்தது. பயம் மட்டும் உடம்பு முழுவதும் பரவியிருந்தது. மகள் இரண்டு முறை பின்னால் வந்து பையை வாங்க முயன்றாள். அவர் அதைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல் இறுக்கிக்கொண்டு, உள்ளே மாற்றுச் சட்டைதான் என்றார்.

ஒட்டகத்தாருக்கோ அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. புறப்படும்போது எடுத்துவைத்த முதல் அடியிலேயே பாரம் மாயமாக மறைந்துவிட்டதைக் கண்ட அவர், அதற்குத் தாமே ஒரு விளக்கமும் கண்டுபிடித்துவிட்டார். நல்ல காரியத்துக்குத் தூக்கினால் பாரம் தெரியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று வழியெல்லாம் சக சுமைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே போனார். இடையிடையே திரும்பி, பின்னால் நாக்குத் தள்ள வந்துகொண்டிருந்த தராசுக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

உச்சி வேளையில் ஓடைக்கரையில் குழு இளைப்பாறியது. நிலைய அதிகாரி தம் பையைக் கேட்டு வாங்கினார். தினமும் நடுப்பகலில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். தவறினால் அதற்கும் நிலைகுலையும், அவருக்கும் நிலைகுலையும். பையைத் திறந்தார். கையை விட்டார். பிறகு தலையையும் விட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரயிலைத் தவறவிட்டவர் களை இருந்தது.

"கடிகாரம் இல்லை."

அவர் கண்கள் சுற்றிவந்து ஒட்டகத்தாரிடம் நின்றன.

"பை காலையிலேர்ந்து உங்க கிட்டதானே இருந்தது?"

"ஆமாங்க."

"பாரமே தெரியலைன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்ததும் நீங்கதானே?"

ஒட்டகத்தார் பையைப் பார்த்தார், தம் கைகளைப் பார்த்தார். இத்தனை காலம் பிறர் பொருளைச் சுமந்த மனிதர் அவர்; அந்தப் பொருளைப் பற்றி யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வராததே குற்றம்போல் ஆயிற்று.

பாறையில் சாய்ந்திருந்த தராசுக்காரர் எழுந்தார். எழுந்து நிற்க இரண்டு முயற்சி தேவைப்பட்டது. இப்போது வாயைத் திறந்தால் கல்யாணம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் திறந்தார்.

"அவரை ஒண்ணும் கேக்காதீங்க. கடிகாரம் என் பையில இருக்கு. நான்தான் எடுத்தேன்."

கித்தான் பையை அவிழ்த்துக் கம்பளிச் சட்டையைப் பிரித்துக் கடிகாரத்தைப் பாறைமேல் வைத்தார். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். பிறகு மின்கம்பிச் சுருளையும் வைத்தார். பாறை ஒரு சிறிய கடைபோல் ஆகிவிட்டது.

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்பா, அவங்க பையைத் திறக்க வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"எல்லாருக்கும் முன்னாடி திறக்க வேண்டாம்னு சொன்ன. அதான் யாருக்கும் தெரியாம திறந்தேன்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தராசுக்காரர் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார்: முள் போன இடம், ஒட்டகத்தாரின் முழங்கால், தண்ணீர்த் தொட்டியின் பின்புறம். சொல்லி முடித்து, முகாமுக்குப் போனதும் பொருள்களை மறுபடி உள்ளே வைத்துவிட நினைத்ததாகவும், நினைத்தது முட்டாள்தனம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நிலைய அதிகாரி விறைத்து நின்றார். அடுத்தவர் பையைத் திருட்டுத்தனமாகத் திறக்கிற வீட்டில் பெண் எடுப்பதைப் பற்றி இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மகள் அவர் எதிரில் வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை. ஆனால் முதல் நாள் இருந்த கெஞ்சல் அதில் இல்லை.

"எங்கப்பா செஞ்சது தப்புங்க. அவரை அப்படிச் செய்ய வெச்சது நான். அதுக்கு நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி. ஆனா, அதுக்கு முன்னாடி இவர் கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்." அவள் ஒட்டகத்தாரைக் காட்டினாள். "அதைச் சொல்லாம இந்தக் குழு இங்கேருந்து நகராது."

போன கல்யாணத்தைப் பின்னால் துரத்திக்கொண்டு போய் உதைத்தும் அனுப்பிவிட்டாள் என்று தராசுக்காரர் நினைத்தார். நினைத்தாரே தவிர, மகளைத் தடுக்கவில்லை.

நிலைய அதிகாரி மனைவியைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கவில்லை. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து ஆயிரம் அறிவிப்புகள் செய்த வாய்தான் அது; சொந்த வருத்தம் தெரிவித்துப் பழக்கமில்லை. "அவசரப்பட்டுப் பேசிட்டேன். மனசில வெச்சுக்காதீங்க" என்று ஒட்டகத்தாரிடம் சொன்னார். ஒட்டகத்தார் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் மருந்துக்கடை அம்மாள் பேசினார். பேசியது தராசுக்காரரிடம்.

"எல்லார் பையையும் திறந்தீங்க. என் பையை மட்டும் தட்டிக் குடுத்து அனுப்பினீங்க. நான் என்ன பாவம் பண்ணேன்?"

அம்மாள் பாறைமேல் இருந்த கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தேவையில்லாதது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாதுன்னு என் பையன் சொன்னான். அதை நம்பித்தான் வந்தேன். இந்தக் கடிகாரம் என் தலைமாட்டில ஓடுது, ராத்திரி பூரா. வேண்டாம்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். மலைக்கும் வரும்னாரு. சரி, அங்க ஒருத்தர் கேப்பாரு, இவரால பதில் சொல்ல முடியாதுன்னு சந்தோஷமா நானே கட்டி வெச்சேன். நீங்க என்னடான்னா கூரையைப் பாக்குறீங்க."

"நீயா கட்டி வெச்ச?" என்றார் நிலைய அதிகாரி.

"இஸ்திரிப் பெட்டி உங்களுது. அதை நான் வெக்கல" என்றார் அம்மாள்.

அவர் பிறகு தராசுக்காரரை உட்காரச் சொல்லி, பையை அவர் மடியில் தூக்கி வைத்து, இப்போது எல்லார் முன்னிலையிலும் திறந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தராசுக்காரர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தாள். அவர் கேட்டார், தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்போல் நிதானமாகக் கேட்டார். நிலைய அதிகாரியிடம் எந்தப் பொருளுக்கும் விடை இல்லை. ஆனால் மலையில் எதையும் விட்டுப்போக முடியாது; சுமைக்காரர் முதுகிலும் ஏற்ற முடியாது. யாருடைய பொருளோ அவர் தோளில் ஏற வேண்டியதுதான் என்று மகள் தீர்ப்புச் சொன்னாள். மூன்று பொருளையும் மறுபடி போட்டுக் கட்டிய கித்தான் பை நிலைய அதிகாரியிடம் கைமாறியது.

மீதி ஏற்றத்தில் தராசுக்காரர் வெறுங்கையோடு நடந்தார். அப்படியும் அவர்தான் கடைசி. அவருக்குச் சற்று முன்னால் நிலைய அதிகாரி போனார். பத்தடிக்கு ஒருமுறை நின்றார். அவர் நின்றபோதெல்லாம் மகளும் நின்றாள். முன்னால் போனவர்களையும் நிறுத்தினாள். வேர்வையைத் துடைக்கத் துணி கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்று காட்டினாள். பையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒருமுறை அவர் அதை அவள் பக்கம் லேசாக நீட்டிப் பார்த்தார். அவள் மேகத்தைக் காட்டி, மழை வருமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். உள்ளுக்குள் தராசுக்காரர் ஒவ்வொரு அடிக்கும் இது வேண்டாமே, வாங்கிவிடேன் என்று தவித்தார். மருந்துக்கடை அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

வெயில் தணியும் வேளையில் முகாம் வந்தது. தராசுக்காரர் புல்தரையைக் கண்டதும் அப்படியே மல்லாந்துவிட்டார். அதன் பிறகு எழுந்திருப்பது அவர் வசம் இல்லை. சற்று அப்பால் நிலைய அதிகாரி பையை இறக்கிவிட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி அவர் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கூடாரம் அடிக்கிற சத்தத்தின் இடையே அவர்கள் பேச்சு தராசுக்காரர் காதில் விழுந்தது.

"அந்தப் பொண்ணு சுமையைத் தூக்கித் தரவும் இல்லை. என்னை விட்டுட்டுப் போகவும் இல்லை" என்றார் அதிகாரி.

"அதனால?"

அதிகாரி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நம்ம பையனுக்கு அது போதும்."

அம்மாள் எழுந்து வந்து தராசுக்காரர் தலைமாட்டில் நின்றார். "சம்பந்தி, எந்திரிங்க. பேச வேண்டியது நிறைய இருக்கு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக எழுந்து கைகூப்ப வேண்டும் என்று தராசுக்காரருக்கு ஆசைதான். முழங்கைகளை ஊன்றினார், பாதி எழுந்தார், மறுபடி புல்லிலேயே விழுந்தார்.

"படுத்துக்கிட்டே சம்மதம் சொன்னா தப்பில்லைதானே, சம்பந்தியம்மா?"

தப்பில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். ஒட்டகத்தார் அடுப்பருகிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து, முதலில் தாம் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தராசுக்காரரின் கையில் கொடுத்தார்.